இளவயதில் நெஞ்சுப் படபடப்பு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

இருபது வயதைத் தாண்டிய பிள்ளை ஒன்று "நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்று சொன்னால், வீட்டில் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்றுதான் கிடைக்கும். "சும்மா டென்ஷன், தூங்கினா சரியாயிடும்" என்பது ஒன்று. "ஐயையோ, ஹார்ட் அட்டாக்கா இருக்குமோ" என்பது மற்றொன்று. முதலாவது அந்தப் பிள்ளையின் வாயை அடைத்துவிடுகிறது. இரண்டாவது, ஏற்கெனவே பயந்து கிடப்பவரை இன்னும் பயமுறுத்துகிறது.

1996இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், படபடப்பு என்று மருத்துவமனைக்கு வந்த 190 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். 43 சதவீதத்தினருக்குக் காரணம் இதயத்திலேயே இருந்தது. 31 சதவீதத்தினருக்கு மனப்பதற்றம், பேனிக் போன்றவை. 10 சதவீதத்தினருக்கு மருந்து, தைராய்டு, ரத்தசோகை என்று வேறு காரணங்கள். மீதி 16 சதவீதத்தினருக்குக் கடைசிவரை காரணம் தெரியவில்லை. அந்த 190 பேரில் பல வயதினரும் இருந்தார்கள். இளைஞர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இதயத்தின் பங்கு குறையும், பதற்றத்தின் பங்கு கூடும். ஆனாலும் எந்தப் பக்கமும் பூஜ்யம் ஆகிவிடாது.

அதனால் நான் சொல்ல வருவது இதுதான். படபடப்பை ஒருமுறையாவது ஈசிஜியில் பிடித்துப் பார்க்கும்வரை, பழியை மனதின் தலையில் கட்டாதீர்கள். பிடித்துப் பார்த்து, இதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, மறுபடி மறுபடி இதயத்தையே சோதித்துக்கொண்டிருக்காதீர்கள். கீழே உள்ள எல்லாமே இந்த இரண்டிலிருந்து கிளைத்தவைதான்.

தாமதிக்கக்கூடாத நேரங்கள்

படபடப்போடு மயங்கி விழுந்தாலோ, கண் இருண்டு விழப்போனாலோ, நெஞ்சில் கல்லை வைத்து அழுத்துவது போல வலித்தாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ 108ஐ அழையுங்கள். ஓடும்போதோ பந்து விளையாடும்போதோ சுருண்டு விழுந்த பிள்ளை, எழுந்து உட்கார்ந்து "இப்ப நல்லாயிருக்கேன்" என்று சொன்னாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெயிலில் வரிசையில் நின்று மயங்கி விழுவது வேறு. ஓடிக்கொண்டிருக்கும்போது விழுவது வேறு. இரண்டாவதை எந்த இதய மருத்துவரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

குடும்பக் கதையைக் கேளுங்கள். குடும்பத்தில் 40 வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்திருந்தால், அது பரம்பரையாக வரும் மின்கோளாறாகவோ தசைக்கோளாறாகவோ இருக்க வாய்ப்புண்டு. சிக்கல் என்னவென்றால், நம் வீடுகளில் இதை யாரும் இதயநோய் என்று நினைவில் வைத்திருப்பதில்லை. "சின்ன மாமா தூக்கத்திலேயே போயிட்டார்", "பெரியப்பா மகன் கிணத்துல போயிட்டான், நல்லா நீச்சல் தெரிஞ்சவன்தான்" என்றுதான் சொல்வார்கள். நீச்சல் தெரிந்தவர் தண்ணீரில் இறந்தார் என்பது இதய மருத்துவருக்கு முக்கியமான தகவல். நீச்சலின்போது இதயம் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கும் பரம்பரைக் கோளாறு ஒன்று உண்டு. பாட்டியிடம் உட்கார்ந்து இரண்டு தலைமுறைக் கதையைக் கேட்டுக்கொண்டு போங்கள். கூடவே அம்மாவிடம் இன்னொன்றையும் கேளுங்கள்: சின்ன வயதில் காய்ச்சலோடு மூட்டு மூட்டாக வீங்கி, மூன்று வாரத்துக்கொரு முறை பென்சிலின் ஊசி போட்டதுண்டா? ருமாட்டிக் காய்ச்சல் வால்வைக் கெடுத்துவிட்டு, பல வருஷம் கழித்துப் படபடப்பாக வெளியே வரும். பணக்கார நாடுகளில் இது அநேகமாக மறைந்துபோயிற்று. நம் நாட்டில் இன்னும் இருக்கிறது.

அடித்துக்கொண்டிருக்கும்போது

*செய்ய வேண்டியவை*

உட்காருங்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரங்கட்டுங்கள். படிக்கட்டில் நின்றால் இறங்கி உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

நாடியை எண்ணுங்கள். மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம், இரண்டு விரல்களை வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். கட்டைவிரலை வைத்து எண்ணக்கூடாது. அதற்கே துடிப்பு இருப்பதால் குழப்பும். எண்ணிக்கையைவிட முக்கியமானவை இரண்டு கேள்விகள். துடிப்பு ஒரே சீராக இருக்கிறதா, தாறுமாறாக இருக்கிறதா? மெல்ல மெல்ல ஏறியதா, படாரென்று ஆரம்பித்ததா? பயத்தால் வரும் வேகம் பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். உட்கார்ந்திருக்கும் இளைஞருக்கு 110, 120, 130 வரை போகும். சும்மா இருக்கும்போது 170, 180 என்று ஒரே தாவலில் போய், அதேபோல ஒரே தாவலில் இறங்கினால், மின்கோளாறாக இருக்குமோ என்று பார்த்தே ஆக வேண்டும்.

பக்கத்தில் ஈசிஜி எங்கே இருக்கிறதோ அங்கே போங்கள். பெரிய ஆஸ்பத்திரி தேட வேண்டியதில்லை. அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு, தெருமுனை நர்சிங் ஹோம், எதுவானாலும் சரி. உள்ளே நுழைந்ததும் "இப்ப அடிச்சிட்டிருக்கு, இப்பவே ஈசிஜி எடுங்க" என்று சொல்லுங்கள். சீட்டுப் போட்டு, வரிசையில் உட்கார்ந்து, துடிப்பு அடங்கிய பிறகு எடுக்கும் ஈசிஜியில் பாதி விஷயம் காணாமல் போயிருக்கும்.

மூச்சை நீட்டி விடுங்கள். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும், தலை கிறுகிறுக்கும், சில பேருக்கு விரல்கள் மடங்கி இழுத்துக்கொள்ளும். "பக்கவாதம் வந்துவிட்டது" என்று பயந்து இன்னும் வேகமாக மூச்சு வாங்குவார்கள். நிதானமாக மூச்சு விட்டால் சில நிமிஷங்களில் விரல் தானாக நிமிரும்.

*செய்யக்கூடாதவை*

சார்பிட்ரேட் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்காதீர்கள். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "நெஞ்சில் ஏதாவது என்றால் இந்த மூன்று மாத்திரையைக் கொடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பி, பல வீடுகளில் பீரோவில் ஒரு பொட்டலம் கட்டி வைத்திருக்கிறார்கள். சார்பிட்ரேட் ரத்தக்குழாய்களை விரிக்கும் மருந்து. மாரடைப்பே இல்லாத இளம்பிள்ளைக்கு அதைக் கொடுத்தால் பிரஷர் சட்டென்று இறங்கும். இறங்கியதை ஈடுகட்ட இதயம் இன்னும் வேகமாக அடிக்கும். எழுந்து நின்றால் விழுந்துவிடலாம். அப்பாவுக்கு எழுதிக்கொடுத்தது அப்பாவுக்கு மட்டும்தான்.

தூக்க மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள். அல்பிரசோலம் போன்றவை மருந்துச்சீட்டில்லாமல் விற்கக்கூடாதவை. அந்த நேரத்துக்கு அமைதி தரும் என்பது உண்மை. அதனாலேயே அடுத்த முறையும் கை அதைத் தேடும். சில வாரங்களிலேயே அது இல்லாமல் முடியாது என்ற நிலை வந்துவிடும். படபடப்புக்குக் கொடுக்கும் புரோப்ரனலால் மாத்திரையையும் நண்பரிடமிருந்து வாங்கிப் போடாதீர்கள். வீசிங் உள்ளவருக்கு அது மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும்.

காகிதப் பையில் மூச்சு விடாதீர்கள். சினிமாவில் பார்த்த வைத்தியம் இது. காரணம் ஆஸ்துமாவோ நுரையீரலில் ரத்தக்கட்டோ என்றால் ஆபத்தாக முடியும்.

கழுத்து நரம்பை அமுக்குவதும் கண்ணை அழுத்துவதும் வேண்டவே வேண்டாம். முக்கி மூச்சடக்கித் துடிப்பை நிறுத்தும் முறை ஒன்று இருக்கிறது, நன்றாகவே பலன் தரும். ஆனால் அது கோளாறு இன்னதென்று ஈசிஜியில் தெரிந்த பிறகு, மருத்துவர் எதிரில் வைத்துக் கற்றுக்கொடுத்தவர்களுக்குத்தான்.

நோட்டுப் போடுங்கள்

இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை மட்டும் செய்வீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

என் நாத்தனார் மகளுக்குக் கல்லூரி முதலாண்டில் படபடப்பு ஆரம்பித்தது. பார்த்த டாக்டர்கள் எல்லோரும் எடுத்த ஈசிஜி நார்மல். "பரீட்சை பயம்", "ஹாஸ்டல் ஒத்துக்கல", கடைசியில் "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்பதுவரை பேச்சு போயிற்று. அவளும் தனக்கு மனசுதான் சரியில்லை என்று நம்ப ஆரம்பித்துவிட்டாள். ஒரு டாக்டர் மட்டும் அவளை வாய் திறந்து பேசவிட்டு, ஒரு நோட்டில் எழுதிவரச் சொன்னார். அதில் ஒரு பக்கம் இப்படி இருந்தது:

"புதன். ராத்திரி 9.20. குனிஞ்சு பக்கெட்டை எடுத்துட்டு நிமிர்ந்தேன். டக்னு ஆரம்பிச்சுது. கழுத்துல துடிக்குது, எண்ண முடியல. பயம் அப்புறம்தான் வந்துச்சு. 9.45க்கு டக்னு நின்னுடுச்சு. அப்புறம் ரெண்டு மூணு தடவை பாத்ரூம்."

டாக்டர் நான்கு இடத்தில் அடிக்கோடு போட்டார்: "டக்னு", "கழுத்துல", "பயம் அப்புறம்தான்", "பாத்ரூம்". இதயத்தின் மேலறைப் பக்கத்தில் மின்சாரம் குறுக்குப் பாதையில் சுற்றிச் சுற்றி ஓடுகிற எஸ்விடி என்ற கோளாறின் அடையாளங்கள் அவை. மேலறை இழுபட்டு விரியும்போது சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோன் ஒன்று சுரப்பதால்தான் அந்த பாத்ரூம் ஓட்டம். அடுத்த முறை வந்தபோது ஆட்டோ பிடித்துப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள், ஈசிஜியில் 190. தொடையிடுக்கு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, அந்தக் குறுக்குப் பாதையை மட்டும் சுட்டுவிட்டார்கள். இந்தச் சிகிச்சை இந்த வகைக் கோளாறுக்கு நூற்றுக்கு 95 பேருக்குமேல் பலன் தருவது. இப்போது வேலைக்குப் போகிறாள்.

இது அவள் ஒருத்தியின் கதை அல்ல. எஸ்விடி இருந்த 107 பேரை ஆராய்ந்து 1997இல் வெளியான ஓர் அமெரிக்கக் கட்டுரையில், 67 சதவீதத்தினரின் அறிகுறிகள் பேனிக் கோளாறின் இலக்கணத்துக்கு அப்படியே பொருந்தின. அவர்களில் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் "பதற்றம்" என்ற முத்திரை அதிகம் குத்தப்பட்டிருந்தது. பெண்பிள்ளை சொன்னால் மனசு, ஆண்பிள்ளை சொன்னால் உடம்பு என்கிற இந்தப் பழக்கம் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. டாக்டரின் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நாமும் அதற்குத் துணைபோகிறோம்.

நோட்டில் என்ன எழுத வேண்டும்? நாள், நேரம், அப்போது செய்துகொண்டிருந்தது, எப்படி ஆரம்பித்தது, எப்படி முடிந்தது, எவ்வளவு நேரம், நாடி. முதலில் வந்தது பயமா, படபடப்பா? முந்தின இரவு எத்தனை மணிநேரத் தூக்கம், அன்றைக்குக் குடித்த காபி, டீ, போட்ட மாத்திரைகள். பெண்கள் மாதவிலக்கு நாளையும் குறிக்க வேண்டும். "ஒரு துடிப்பு விட்டுப்போய், அடுத்தது ஓங்கி இடிச்ச மாதிரி" என்று இருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். துடிப்பு விட்டுப்போவதில்லை, ஒன்று அவசரப்பட்டு முந்தி வந்துவிடுகிறது, பின்னால் ஒரு சிறு இடைவெளி விழுகிறது. ஆரோக்கியமானவர்களுக்கும் இது சகஜம். எக்கோ ஸ்கேனில் இதயம் நன்றாக இருந்தால் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை.

ஈசிஜி தாளை லேமினேட் செய்யாதீர்கள். பல ஆஸ்பத்திரிகளில் அது வெப்பத்தில் பதியும் தாள். லேமினேஷன் சூட்டில் முழுக்கக் கறுத்துவிடும்; சும்மா ஃபைலில் வைத்தாலும் சில வருஷங்களில் மங்கிவிடும். கையில் வாங்கியதும் வெளிச்சத்தில் வைத்து போட்டோ எடுத்துவிடுங்கள்.

டாக்டரிடம்

கேட்க வேண்டிய சோதனைகள் அதிகமில்லை: ஈசிஜி, ஹீமோகுளோபின், தைராய்டு, தேவைப்பட்டால் சர்க்கரையும் பொட்டாசியமும், எக்கோ. மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கர்ப்பத்திலும் இதயம் வேகமாக அடிக்கும்.

ரத்தசோகையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 53 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! காலையில் டீயும் பிஸ்கட்டும், மதியம் பாதி டிபன் பாக்ஸ், மாதாமாதம் ஏழெட்டு நாள் போகிற உதிரம், இப்படி ஓடுகிற பெண்ணின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் சுமக்க ஆள் குறைவு. அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அவளுக்கு "டென்ஷனைக் குறை" என்று அறிவுரை சொல்வது அநியாயம். பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13 என்ற அளவுக்குக் கீழே ஹீமோகுளோபின் இருந்தால், முதல் வைத்தியம் இரும்புச்சத்து. அதோடு, உதிரம் ஏன் அதிகமாகப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பயோட்டின் மாத்திரையைச் சொல்லாமல் தைராய்டு டெஸ்ட் எடுக்காதீர்கள். முடி கொட்டுவதற்காக இன்று நிறையப் பேர் அதைச் சாப்பிடுகிறார்கள். சில லேப் முறைகளில் பயோட்டின் குறுக்கிட்டு, தைராய்டு அதிகமாகச் சுரப்பது போன்ற பொய்யான முடிவைக் காட்டும். படபடப்பு உள்ளவருக்கு அந்த ரிப்போர்ட் வந்தால் தேவையில்லாத சிகிச்சையில் போய் முடியும். எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமான அளவுக்கு இரண்டு நாள் போதும்.

எழுந்து நின்றால் அடிக்கிறதா என்பதைச் சொல்லுங்கள். கோவிட், டெங்கு போன்ற காய்ச்சலுக்குப் பிறகு சில இளம்பெண்களுக்கு, படுத்திருந்தால் ஒன்றும் இருக்காது, நின்றால் மட்டும் இதயம் ஓடும். ஐந்து நிமிஷம் படுத்து நாடி பார்த்து, பிறகு பத்து நிமிஷம் நின்று பார்க்கும்போது 30க்குமேல் ஏறினால், பதின்வயதினருக்கு 40க்குமேல் ஏறினால், பாட்ஸ் என்ற கோளாறா என்று ஆராய்வார்கள். இதற்குக் காசே செலவில்லை. கேட்காவிட்டால் பல இடங்களில் யாரும் செய்து பார்ப்பதில்லை.

24 மணிநேரம் உடம்பில் மாட்டியிருக்கும் ஹோல்டர் ஈசிஜி நார்மல் என்றால் விஷயம் முடிந்தது என்று எண்ணாதீர்கள். மாதத்தில் ஒருமுறை வரும் படபடப்பு, கருவி மாட்டியிருக்கும் அந்த ஒரு நாளில் வராவிட்டால் அது எதையுமே பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். நீண்ட நாள் மாட்டும் கருவி உண்டா என்று கேளுங்கள். மாறாக, கருவி மாட்டியிருந்தபோதே படபடப்பு வந்து, பதிவில் சீரான துடிப்புதான் இருந்தது என்றால், அது உண்மையான நல்ல செய்தி.

சும்மா மன நிம்மதிக்காக ஆஞ்சியோகிராம், முழு உடம்பு ஸ்கேன் என்று கேட்டு வாங்காதீர்கள்.

உள்ளே போகிறவை

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளுக்கு 400 மில்லிகிராம் கஃபீன்வரை பரவாயில்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் கணக்கு. படபடப்பு உள்ளவர் அதில் பாதிக்குக் கீழே நிற்பது நல்லது. இது என் சொந்த அபிப்பிராயம். எனர்ஜி டிரிங்க் டின்களில் லிட்டருக்கு 300 மில்லிகிராம்வரை இருக்க நம் நாட்டு விதி அனுமதிக்கிறது. ஜிம்மில் கலக்கிக் குடிக்கும் பொடிகளில் ஒரே கரண்டியில் 200க்கு மேல் உள்ளவை உண்டு. காபியை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், தலை வெடிக்கும். இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறையுங்கள்.

சிகரெட், வேப், ஹான்ஸ், குட்கா எல்லாவற்றிலும் உள்ள நிகோடின் இதயத்தை நேரடியாக விரட்டும். சனிக்கிழமை இரவு மது, ஞாயிறு விடியலில் படபடப்பு என்பதும் மருத்துவர்களுக்குப் பழக்கமான கதை. சளி மாத்திரை, வீசிங்குக்கு உறிஞ்சும் சால்புட்டமால், உடம்பு இளைக்க ஆன்லைனில் வாங்கிய பொடி, எல்லாமே இந்தக் கணக்கில் வரும். இன்ஹேலரை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வெறும் வயிற்றோடு ஓடாதீர்கள். தண்ணீர் குடியுங்கள். நைட் ஷிப்ட் என்றால், பகலில் தூங்கும் அறைக்குக் கனமான திரை போடுங்கள்.

எல்லாம் நார்மல் என்று வந்த பிறகு

இங்கேதான் பலரும் வழி தவறுகிறார்கள். ரிப்போர்ட் நார்மல், ஆனால் படபடப்பு நிற்கவில்லை. "அப்போ என்ன இது?" என்று தேடல் மறுபடி ஆரம்பிக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு தம்பிக்கு, அப்பா இறந்த சில மாதங்களில், மின்சார ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது முதல் முறை வந்தது. மூச்சு முட்டி, கை மரத்து, "இதோ செத்துப்போகப் போறேன்" என்று தோன்றி, அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனார். அடித்துக்கொண்டிருக்கும்போதே எடுத்த ஈசிஜி. 120, சீரான துடிப்பு. எக்கோ, ரத்தம் எல்லாம் சரி. பேனிக் அட்டாக். அது உச்சிக்குப் போவதற்குப் பெரும்பாலும் பத்து நிமிஷம்கூட ஆகாது. பிறகு தானாக இறங்கும். ஆனால் அவர் ரயிலை விட்டார். பிறகு லிஃப்டை விட்டார். கடைசியில் படி ஏறினால் நெஞ்சு அடிக்கும் என்று மாடிக்கே வராமல் கீழேயே உட்கார்ந்து வேலை பார்த்தார். மனநல மருத்துவர் அவரை வேண்டுமென்றே மாடிப்படி ஏறவைத்தார். இதயம் வேகமாக அடிக்கட்டும், அடித்து அடங்கட்டும், ஒன்றும் ஆகவில்லை என்பதை உடம்பே கற்றுக்கொள்ளட்டும் என்பதுதான் அந்தச் சிகிச்சையின் உயிர். இன்று அதே ரயிலில் தாம்பரத்திலிருந்து வருகிறார்.

*செய்ய வேண்டியவை*

சிகிச்சைக்குப் போங்கள். காரணம் மனப்பதற்றம் என்றால் அது "ஒன்றுமில்லை" ஆகிவிடாது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், நெஞ்சு படபடத்து, மூச்சு வாங்கி, சண்டையிட முடியாமல் போன சிப்பாய்களைப் பற்றி ஜேக்கப் டா காஸ்டா என்ற மருத்துவர் 1871இல் விரிவாக எழுதினார். அவர்களில் பலருக்கு அதற்குமுன் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கடுமையான அணிவகுப்பும் இருந்தன. அவர் அதை உண்மையான நோயாகவே எடுத்துக்கொண்டார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து நம் பிள்ளைகளுக்கு அந்த மரியாதையையாவது கொடுக்க வேண்டும்.

மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416க்குப் போன் செய்யுங்கள். 2022 அக்டோபரிலிருந்து நடக்கும் டெலி மானஸ் சேவை அது. 24 மணிநேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

மாத்திரை எழுதினால் அதன் போக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதற்றத்துக்குத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகள் பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் படபடப்பு கொஞ்சம் கூடவும் செய்யும். இது தெரியாமல் மூன்றாம் நாள் குப்பையில் போட்டவர்கள் நிறையப் பேர். 25 வயதுக்கு உட்பட்டவருக்கு முதல் வாரங்களில் சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு மணிநேரம்கூடத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நிறுத்துவதும் படிப்படியாகத்தான்.

நடங்கள். முதலில் தெரு முனைவரை. நெஞ்சு அடிக்கும். அடிக்கட்டும்.

*செய்யக்கூடாதவை*

வாட்சைப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். படபடப்பு வரும்போது ஈசிஜி பதிவு செய்யும் வாட்ச் பயனுள்ளதுதான். ஆனால் டீ குடித்தால் 92, எழுந்தால் 104 என்று நாள்முழுக்கப் பார்ப்பவருக்கு, பார்ப்பதே நோயாகிவிடும். ஒரு நாளுக்கு இதயம் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அத்தனையும் ஒரே மாதிரி இருக்காது. படுக்கையில் நாடியில் விரலை வைத்துக்கொண்டே தூங்கப்போகும் பழக்கத்தை இன்றிரவே விடுங்கள்.

நடுராத்திரியில் நோயைத் தேடிப் படிக்காதீர்கள். மருத்துவரை மாற்றி மாற்றி அதே சோதனைகளை எடுக்காதீர்கள். புதிதாக ஏதாவது வந்தால், அதாவது மயக்கம் வந்தாலோ, ஓடும்போது அடித்தாலோ, துடிப்பின் தன்மை மாறினாலோ திரும்பப் போங்கள். பழைய அதே படபடப்புக்கு, பழைய ரிப்போர்ட்டே பதில்.

வீட்டாருக்கு

"ஒண்ணுமில்ல" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். "எப்ப ஆரம்பிச்சுது? நான் பக்கத்துல இருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். அத்தை, சித்தி, பக்கத்து வீட்டார் என்று எல்லோரும் சுற்றி நின்று விசிற வேண்டாம், ஒருவர் போதும். அவர் குரலை உயர்த்தாமல் நாடியை எண்ணட்டும், நேரத்தைக் குறிக்கட்டும்.

கோயிலில் விபூதி போட்டாலும், பள்ளிவாசலில் ஓதிப் பார்த்தாலும், சர்ச்சில் ஜெபித்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைக்கு அது தெம்பு தந்தால் நல்லது. ஈசிஜி மட்டும் அதற்கு முன்னால் எடுத்திருக்க வேண்டும்.

"வெளியே தெரிஞ்சா வரன் அமையாது" என்று மருந்தை ஒளித்து வைக்காதீர்கள். எஸ்விடியானாலும் பேனிக் ஆனாலும் சிகிச்சை உள்ள நோய்கள். ஒளித்து வைக்கப்பட்டது என்பதுதான் பின்னால் அந்தப் பெண்ணையோ பையனையோ குற்றவாளியாக நிறுத்தும்.

துணைக்குப் போங்கள், ஆனால் டாக்டர் அறையில் கொஞ்ச நேரமாவது பிள்ளையைத் தனியே விடுங்கள். சிகரெட், வேலையிடத்துத் தொல்லை, காதல், தள்ளிப்போன மாதவிலக்கு, கடன் செயலியில் வாங்கிய பணம், இதில் எதுவானாலும் அப்பா அம்மா உட்கார்ந்திருக்கும் வரை வெளியே வராது. டாக்டருக்கு அது தெரிந்தாக வேண்டும். நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். பிள்ளை வெளியே வந்ததும் "என்ன கேட்டார், நீ என்ன சொன்னே" என்று துருவாதீர்கள். மாத்திரை எப்போது போடணும், அடுத்து எப்போது வரணும் என்ற இரண்டை மட்டும் கேட்டுக்கொண்டு, வழியில் ஏதாவது சாப்பிட வாங்கிக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டிவாருங்கள்.